வாய்பாடும் வாய்ப்பாடும்

1

தமிழ்ச் சூழலில் ‘குறி’ என்கிற சொல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வெளிவந்ததிலிருந்து குறி, குறிப்பான், குறிப்பீடு என்று நாம் எழுதித் தள்ளிய பக்கங்களை அடுக்கினால் ஒரு கூடம் நிறையும். மொழி, புராணம், விளம்பரம், சினிமாச் சுவரொட்டி என எல்லாவற்றையும் குறிகளின் ஒழுங்கமைப்பாக வாசித்துப் பார்த்தாயிற்று. ஆனால் குறியை வைத்தே பிழைப்பு நடத்துகிற ஒரு துறையின் பக்கம் நாம் தலைவைத்தும் படுக்கவில்லை. அது கணிதம். கணக்கு என்றால் எண், எண் என்றால் புள்ளிவிவரம், புள்ளிவிவரம் என்றால் அரசு என்று நாமே ஒரு சமன்பாட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டோம்.

கணிதத்துக்குள் குறிகளைக் கையாள்வது ஒரு வேலை, எண்களைக் கணிப்பது வேறொரு வேலை. இரண்டும் ஒன்றல்ல. முதல் வேலையைச் சரியாகச் செய்தால் இரண்டாவது வேலையின் சுமை பெருமளவு குறைந்துவிடும். கணிப்பொறிகள் இன்று செய்யும் பெருங்கணிப்புகள் பலவற்றின் பின்னால் இந்த உண்மை இருக்கிறது. இது எப்படி நடக்கிறது, எங்கே நடக்காமல் போகிறது, குறைந்த சுமை யாருடைய தோளிலிருந்து இறங்கி யாருடைய தோளில் ஏறுகிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

தமிழ் படித்தவனுக்கு இதற்குள் நுழைய ஒரு சொந்த வாசல் உண்டு. யாப்பிலக்கணம் சீர்களுக்கு வாய்பாடு சொல்கிறது. தேமா என்றால் அங்கே மாமரம் எதுவும் இல்லை. நேர் நேர் என்று அசையும் எந்தச் சொல்லும் வந்து உட்காரக்கூடிய ஓர் இடம், அவ்வளவுதான். தொடக்கப்பள்ளியில் கூட்டமாகக் கத்தி மனப்பாடம் செய்த ‘ஈரெட்டு பதினாறு’ம் வாய்ப்பாடுதான். அது எதுவும் வந்து அமரும் இடமல்ல. முன்பே கணித்து முடித்த எண்களின் பட்டியல். ஒற்று மிகுந்தும் மிகாமலும் எழுதப்படுகிற ஒரே சொல்லுக்குள் காலியிடமும் பட்டியலும், குறியும் எண்ணும், அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. இக்கட்டுரையில் யாப்பு வழக்கைப் பின்பற்றி முதலாவதை வாய்பாடு என்றும், பள்ளி வழக்கைப் பின்பற்றி இரண்டாவதை வாய்ப்பாடு என்றும் பிரித்து எழுதுகிறேன்.

2

யாப்பிலிருந்தே தொடங்கலாம். ஓரசைச் சீர் 2, ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. ஆக மொத்தம் 30 என்பது தேர்வுக்குப் படித்த எவருக்கும் தெரியும். சும்மா ஒரு பேச்சுக்கு, இதே போக்கில் இருபது அசை வரை போனால் மொத்தம் எத்தனை? ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்து, இரட்டித்ததைக் கூட்டிக்கொண்டே போகலாம். 19 முறை இரட்டிக்க வேண்டும், 19 முறை கூட்டவும் வேண்டும். இது எண்வழி.

குறிவழி வேறு. தெரியாத கூட்டுத்தொகைக்கு ‘கூ’ என்று ஒரு பெயர் வைத்துவிடுவோம். என்னவென்றே தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்ததைப் போல அதனிடம் நடந்துகொள்வதுதான் இயற்கணிதத்தின் அடிப்படைத் துணிச்சல். கூவை இரட்டித்தால் ஒவ்வோர் உறுப்பும் அடுத்த உறுப்பாக நகர்கிறது. 2, 4, 8, 16 என்பது 4, 8, 16, 32 ஆகிறது. புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் நடுவில் உள்ளதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது 32லிருந்து 2 போக 30. இருபது அசைக்கு, 2இன் 21ஆம் அடுக்கிலிருந்து 2ஐக் கழித்தால் போதும். அந்த அடுக்கையும் 20 முறை பெருக்கிப் பெற வேண்டியதில்லை. 2, 4, 16, 32, 1024, 10,48,576, 20,97,152 என்று ஆறே பெருக்கலில் எட்டிவிடலாம். 38 படிகள் போய் 7 படிகள் நிற்கின்றன. விடை 20,97,150. எண்ணை ஒரு தடவைகூடத் தொடாமல் குறிகளை மட்டும் நகர்த்திப் பார்த்த அந்தச் சில வரிகள் சம்பாதித்துக் கொடுத்தது இது.

இன்னொன்று. 7அ⁴ + 3அ³ + 5அ² + 2அ + 9 என்ற கோவையில் அ என்ற இடத்தில் ஓர் எண்ணைப் போட்டு மதிப்புக் காண வேண்டும். எழுதியிருக்கிறபடியே செய்தால் முதல் உறுப்புக்கு 4 பெருக்கல், அடுத்ததற்கு 3, பிறகு 2, பிறகு 1 என மொத்தம் 10. இதையே (((7அ + 3)அ + 5)அ + 2)அ + 9 என்று மாற்றி எழுதினால் 4 பெருக்கல்தான். கோவை அதே கோவை, பொருளும் அதே பொருள். தொடரமைப்பு மட்டும் மாறியிருக்கிறது. அடுக்கு 20 ஆனால் 210 பெருக்கல் என்பது 20 ஆகச் சுருங்கும். 1819இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் ஹார்னரின் பெயரில் இந்த முறை வழங்குகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் சின் ஜியுஷாவ் இதைக் கையாண்டிருக்கிறார். குணகங்களை முன்கூட்டியே பதப்படுத்தி வைக்காதவரை, பொதுவான ஒரு கோவைக்கு இதைவிடக் குறைந்த பெருக்கல்களில் காரியம் ஆகாது என்று 1966இல் விக்டர் பான் நிறுவினார். ஆக, இது வெறும் கைவேலைச் சாமர்த்தியம் அல்ல. எல்லை கண்டறியப்பட்ட ஒரு சிக்கனம்.

மூன்றாவது உதாரணம் வேலைச்சுமையைப் பற்றியதல்ல, உண்மையைப் பற்றியது. கடைகளில் வைத்திருக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 6,40,00,001 என்ற எண்ணின் வர்க்கமூலத்திலிருந்து 6,40,00,000இன் வர்க்கமூலத்தைக் கழிக்க வேண்டும். பின்னதன் மூலம் 8000. முன்னதன் மூலம் 8000.0000625. ஆனால் எட்டு இலக்கத்துக்குள் அந்த மிச்சம் நுழைய இடமில்லை, எனவே அதுவும் 8000 என்றே தெரியும். கழித்தால் பூஜ்யம். இருக்கிற ஒன்றை இல்லை என்று சாதிக்கிறது எந்திரம். இதையே எண்ணைப் போடுவதற்கு முன் குறியளவில் மாற்றி எழுதலாம். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கமூல வித்தியாசம் என்பது, 1ஐ அவ்விரு மூலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதற்குச் சமம். அதே எட்டு இலக்கப் பெட்டியில் 1ஐ 16000ஆல் வகுங்கள். 0.0000625 என்று சரியான விடை வந்து நிற்கும். எந்திரம் மாறவில்லை, அதனிடம் கேள்வி கேட்ட விதம்தான் மாறியது. இப்படி மாற்றி எழுதுவதைத் தானாகவே செய்யும் ‘ஹெர்பி’ போன்ற மென்பொருள்கள் 2015 முதல் வந்திருக்கின்றன.

மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். எண்ணைப் போடும் தருணம் தள்ளிப்போடப்படுகிறது. போட்டுவிட்டால் எண் தன் வரலாற்றை மறந்துவிடும். 30 என்ற எண்ணைப் பார்த்து அது 2இன் அடுக்குகள் கூடி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, அது ஐந்தாறும் முப்பதாகக்கூட இருக்கலாம். குறி மறப்பதில்லை. தான் எப்படி உருவானது என்ற தடயத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. அந்தத் தடயம் இருக்கும்வரைதான் சுருக்கவும் மாற்றவும் அடிக்கவும் முடியும்.

3

சரி, மிச்சப்பட்ட வேலை யாருடையது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் சிக்கனத்தை மட்டும் பாராட்டிக்கொண்டிருந்தால் அது மேலாளர்களின் மொழியாகிவிடும்.

1790களின் பாரிஸ். பிரெஞ்சுப் புரட்சி அளவைகளையெல்லாம் பத்தின் அடுக்குகளாக மாற்றியபோது செங்கோணத்தையும் 90க்குப் பதில் 100 பாகமாகப் பிரித்தது. பழைய முக்கோணவியல் அட்டவணைகள் உதவாமல் போயின. புதிய அட்டவணைகளையும், 1 முதல் 2,00,000 வரையிலான எண்களுக்கு மடக்கைகளையும் தயாரிக்கும் பொறுப்பு கஸ்பார் த ப்ரோனியிடம் வந்தது. ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில் குண்டூசித் தொழிற்சாலையின் வேலைப் பிரிவினையைப் படித்திருந்த ப்ரோனி, மடக்கைகளையும் குண்டூசி போலவே உற்பத்தி செய்யலாம் என்று முடிவுசெய்தார். ஆட்களை மூன்று பிரிவாகப் பிரித்தார். முதல் பிரிவில் ஐந்தாறு பேர், லெஜாந்தர் போன்ற பெருங்கணித அறிஞர்கள். எண்ணைத் தொடாமல் சூத்திரங்களை மட்டும் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை. இரண்டாம் பிரிவில் ஏழெட்டுப் பேர், சூத்திரங்களைத் தொடக்க எண்களாக மாற்றிக் கீழே அனுப்புவார்கள். மூன்றாம் பிரிவில் அறுபதிலிருந்து எண்பது பேர். கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்தால் போதும். பிரபுக்களின் தலையலங்காரங்கள் புரட்சியோடு போய்விட, வேலையிழந்த சிகையலங்காரத் தொழிலாளர்கள் பலர் இதில் இருந்தனர்.

மடக்கைகளைக் கூட்டலால் மட்டும் எப்படிக் கணிப்பது? வர்க்க எண்களைப் பாருங்கள்: 1, 4, 9, 16, 25. அடுத்தடுத்ததன் வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் 2, 2, 2. கடைசிக்குச் சென்றால் மாறாத ஓர் எண் கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து திரும்பி மேலே வந்தால் பெருக்கலே இல்லாமல் கூட்டிக்கூட்டி எல்லா வர்க்கங்களையும் எழுதிவிடலாம். மடக்கை போன்றவற்றைச் சிறு சிறு இடைவெளிகளில் இத்தகைய கோவைகளாகத் தோராயப்படுத்தலாம். இதைக் கண்டறிவது முழுக்க முழுக்கக் குறிவேலை. அது முடிந்துவிட்டால் மிச்சம் வெறும் கூட்டல்.

அட்டவணைகள் பதினேழு பெரிய கையெழுத்துத் தொகுதிகளாக முடிந்தன. சார்ல்ஸ் பாபேஜ் 1832இல் எந்திரங்களின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில் இதை விவரிக்கிறார். மூன்றாம் பிரிவினரில் பத்தில் ஒன்பது பேருக்குக் கூட்டல் கழித்தலுக்கு மேல் கணிதம் தெரியாது. ஆனாலும் கூடுதலாகத் தெரிந்தவர்களைவிட அவர்களே பிழை குறைவாகக் கணித்தார்கள் என்கிறார். அடுத்த படி தர்க்கப்படியே வருகிறது. யோசிக்காதவர்களால் செய்ய முடியும் என்றால் யோசிக்க முடியாத எந்திரத்தாலும் செய்ய முடியும். அவருடைய வித்தியாச எந்திரத்தின் வேலை அந்த மூன்றாம் கூடத்தின் வேலைதான். பாபேஜ் வாழ்நாளில் அதை முழுமையாகக் கட்டி முடிக்கவில்லை. அவருடைய இரண்டாவது வடிவமைப்பின் கணிக்கும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் கட்டி ஓட்டிக் காட்டியது.

பாபேஜின் இந்த நூலை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எடுத்தாள்கிறார் என்பது தோழர்கள் அறிந்ததே. நான் இங்கு அழுத்த விரும்புவது வேறொன்று. கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும் என்ற நிலையை உண்டாக்கியது கங்காணியின் பிரம்பு அல்ல, குறியின் திறன். மேலே குறி எவ்வளவு நுட்பமாகிறதோ அவ்வளவுக்குக் கீழே எண்வேலை எளிதாகிறது. எளிதானது மலிவாகிறது, மலிவானது எந்திரத்துக்குப் போகிறது. சிக்கனமும் அறிவுப் பறிப்பும் ஒரே வரியில் எழுதப்பட்டவை.

4

இதே படிநிலையை நம்மூரிலும் காண முடியும். அதற்கு நிலவைப் பின்தொடர்ந்து போக வேண்டும். நிலவின் ஓட்டம் சீரானதல்ல. அது எந்த நேரத்தில் எங்கிருக்கும் என்று சொல்வது கணிதத்தின் பழைய தலைவலிகளில் ஒன்று.

1825இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலித’ என்ற தன் ஆங்கில நூலில், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணித்த ஒரு தமிழரைப் பற்றி ஜான் வாரன் எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1க்கு இடைப்பட்ட சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. காகிதம் இல்லை, பேனா இல்லை. அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்கிறார் வாரன். காலனிய அதிகாரியின் பார்வை என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அப்படி ஒதுக்கிவிட்டால் அந்த முறையின் கட்டமைப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

அது வாக்கிய முறை. நிலவின் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் மிக நெருக்கமாக 248 முழு நாட்கள். எனவே 248 நாளுக்கு நிலவின் இருப்பிடங்களைக் கணித்து வைத்துவிட்டால் அதே வரிசை திரும்பத் திரும்ப உதவும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் வாக்கியத்துக்குள் இருப்பிடம் பொதிந்திருக்கும். குறிப்பிட்ட தொடக்க நாளிலிருந்து இன்றுவரை சென்ற நாட்களிலிருந்து 12,372, 3,031, 248 என்ற சுழற்சிகளைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள நாளுக்கு உரிய வாக்கியத்தை எடுத்தால் மிகுதி வெறும் கூட்டல். வீட்டு ஆணியில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் வந்தது இப்படித்தான். 1952இல் இம்முறையை ஆராய்ந்த ஆட்டோ நியூகபவர் இதன் வேர்களைப் பாபிலோனியக் கணிப்புகளோடு தொடர்புபடுத்தினார்.

சுழற்சியைக் கண்டறிந்தவர் ஒருவர், வாக்கியங்களை இயற்றியவர் ஒருவர், சோழி வைத்தவர் ஒருவர். ப்ரோனியின் மூன்று கூடங்களும் இங்கே பல நூற்றாண்டுகளுக்கு மேல் நீட்டிப் போடப்பட்டிருக்கின்றன. மேலே இருந்தவர்கள் கொடுத்தது வாய்பாடு அல்ல, வாய்ப்பாடு. கடபயாதியில் எழுத்து என்பது ஓர் எண்ணின் மாறுவேடம். வேடத்தைக் கலைத்தால் ஒரே ஓர் எண்தான் உள்ளே இருக்கும். இயற்கணிதத்தின் எழுத்தோ காலியான நாற்காலி. நிலவைப் பற்றிய அவதானிப்பு திருந்தினால் நாற்காலியில் வேறு எண்ணை உட்கார வைக்கலாம். மாறுவேடத்தைத் திருத்த முடியாது, 248 வாக்கியங்களையும் புதிதாக இயற்ற வேண்டும். அதைச் செய்யத் தேவையான அறிவு சோழி வைத்தவரிடம் விட்டுவைக்கப்படவில்லை.

பிரான்ஸில் சார்ல்ஸ் தெலோனே எதிர்முனைக்குப் போனார். நிலவுக் கோட்பாடு முழுவதையும் எழுத்துகளிலேயே நடத்துவது, எண்ணைக் கடைசியில் மட்டும் போடுவது என்பது அவர் தீர்மானம். அவருடைய சமகாலத்தவரான ஹான்சன் தொடக்கத்திலேயே எண்களைப் போட்டுக் கணித்து 1857இல் அட்டவணைகளை வெளியிட்டுவிட்டார். தெலோனேக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. 1860இலும் 1867இலும் வந்த இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றும் 900 பக்க அளவில் வெறும் இயற்கணிதக் கோவைகள். சரிபார்ப்பதற்கே ஆள் கிடையாது. 1970இல் தெப்ரி, ஹென்ரார், ரோம் என்ற மூவர் குறிகளைக் கையாளும் நிரல் ஒன்றை எழுதிக் கணிப்பொறியில் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆனது. தெலோனேயிடம் மூன்றே பிழைகள் கிடைத்தன, அதிலும் இரண்டு முதல் பிழையின் விளைவுகள்.

இந்தச் செய்தியில் மனிதரைப் பார்த்து வியப்பதா எந்திரத்தைப் பார்த்து வியப்பதா என்பது அவரவர் விருப்பம். கவனிக்க வேண்டியது, எந்திரம் இங்கே ப்ரோனியின் மூன்றாம் கூடத்து வேலையைச் செய்யவில்லை என்பதுதான். முதல் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. 1960களிலேயே நெதர்லாந்தின் வெல்ட்மன், அமெரிக்காவில் பணியாற்றிய ஹெர்ன் ஆகியோர் துகள் இயற்பியலின் கோவைகளைச் சுருக்க இத்தகைய நிரல்களை எழுதத் தொடங்கியிருந்தார்கள். 1968இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘மாக்சிமா’வின் முன்னோடியான ‘மாக்சைமா’ திட்டம் தொடங்கியது. எண்ணைத் தொடாமல் எழுத்தைப் பெருக்கி, வகுத்து, வகையிட்டுத் தருகிற எந்திரங்கள் வந்துவிட்டன.

5

அப்படியென்றால் எப்போதும் எண்ணைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் போதுமா? இல்லை. குறிவழிக்கு ஒரு நோய் உண்டு. அதைக் கோவை வீக்கம் எனலாம். சுருங்க வேண்டிய கோவை சில சமயம் கையை மீறி ஊதிவிடும். தெலோனேயின் பக்கங்கள் அந்த வீக்கத்தின் நினைவுச்சின்னம். குறிப்பாக, சூரியனின் தோற்ற வேகத்துக்கும் நிலவின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை (ஏறக்குறைய 0.0748) அவர் எழுத்தாகவே வைத்துக்கொண்டதால் தொடர்கள் மிக மெதுவாகவே ஒருங்கின. எத்தனை உறுப்பு எழுதினாலும் போதவில்லை.

அமெரிக்கரான ஜார்ஜ் ஹில் 1877இலும் 1878இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கு வழி கண்டார். அந்த விகிதம் நூற்றாண்டுக் கணக்கான அவதானிப்புகளால் மிகத் துல்லியமாகத் தெரிந்தது, இனி மாறப்போவதில்லை. எனவே அதை மட்டும் தொடக்கத்திலேயே எண்ணாக்கிவிடலாம். இன்னும் திருந்தக்கூடிய மற்றவற்றை எழுத்தாகவே விட்டுவைக்கலாம். இந்த வழியில் எர்னஸ்ட் பிரவுன் கட்டிய நிலவு அட்டவணைகள் 1919இல் வெளியாயின. 1920களின் இறுதியில் காம்ரி அவற்றை ஏறக்குறைய ஐந்து லட்சம் துளையட்டைகளில் ஏற்றி, 1935 முதல் 2000 வரையிலான நிலவின் இருப்பிடங்களை எந்திரத்தில் கணித்தார். இன்னொரு திருப்பமும் உண்டு. 1984 முதல் வானியல் பஞ்சாங்கங்கள் பிரவுனின் வழியை விட்டுவிட்டு, சமன்பாடுகளைக் கணிப்பொறியில் படிப்படியாக எண்ணளவிலேயே நடத்திப் பெற்ற மதிப்புகளுக்கு மாறின. ஆகவே குறிக்கு இறுதி வெற்றி என்று கொடியேற்ற வேண்டியதில்லை. ஹில்லிடம் கற்க வேண்டியது, எந்த எழுத்தை எப்போது எண்ணாக்குவது என்கிற தேர்வுதான்.

இந்தத் தேர்வின் இன்றைய வடிவத்தைப் பார்த்துவிடலாம். ஆயிரம் எண்களின் பெருக்குத்தொகை இருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் துளி அசைத்தால் விடை எவ்வளவு அசையும் என்று ஆயிரத்துக்கும் காண வேண்டும். இதைத்தான் வகைக்கெழு என்கிறோம். ஓர் எண்ணுக்குரிய விடை மற்ற 999 எண்களின் பெருக்குத்தொகை. சூத்திரத்தை அப்படியே ஆயிரம் முறை எழுதிக் கணித்தால் ஆயிரம் தடவை 998 பெருக்கல், அதாவது 9,98,000. யோசித்துப் பார்த்தால் இதில் பெரும்பகுதி ஒரே பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்வது. இடமிருந்து வலமாக ஒரு நடை நடந்து ஒவ்வோர் இடம் வரையிலான பெருக்குத்தொகையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வலமிருந்து இடமாக இன்னொரு நடை. பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் இடப்பக்கத் தொகையையும் வலப்பக்கத் தொகையையும் ஒருமுறை பெருக்கினால் முடிந்தது. ஏறக்குறைய 3,000 பெருக்கல்தான். கோவையை வீங்கவும் விடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு எண்ணையும் போடவில்லை. ஒவ்வொரு சிறு படிக்கும் குறிவிதியைப் பயன்படுத்தி, படிக்குப் படி எண்ணைக் கைமாற்றுகிறோம்.

பின்னோக்கி நடக்கும் இந்த வழியைப் பொதுவான கணிப்புகளுக்கு 1970இல் ஹெல்சிங்கியில் லின்னைன்மா தன் முதுநிலை ஆய்வேட்டில் எழுதினார். இன்று செயற்கை அறிவு என்று பேசப்படும் நரம்பு வலைகளைப் பயிற்றுவிப்பது இதே பின்னோட்டத்தால்தான். கோடிக்கணக்கான எண்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைத்துப் பார்த்துத் திருத்துவதென்றால் அந்த எந்திரங்கள் சாத்தியமே இல்லை.

மார்க்ஸ் தன் கடைசி ஆண்டுகளில் வகைக்கெழுவைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அவை முழுமையாக 1968இல் மாஸ்கோவில் வெளியாயின. அதில் ஒரு கவனிப்பு உண்டு. வகைக்கெழுவின் குறி முதலில் செய்து முடித்த ஒரு செயலின் விளைவாகத் தோன்றுகிறது. போகப்போக அது தலைகீழாகி, இனிமேல் செய்யவேண்டிய செயலுக்குக் கட்டளையாகத் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. நடந்ததைப் பதிவுசெய்த குறி நடக்க வேண்டியதை ஏவும் குறியாகிவிடுகிறது. கணிப்பொறி நிரல் என்று நாம் இன்று அழைப்பது இந்தத் தலைகீழாக்கத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது.

6

கணினிக்கு முன்பு ‘கம்ப்யூட்டர்’ என்பது ஆங்கிலத்தில் எந்திரத்தின் பெயரல்ல, கணக்குப் போடும் ஊழியரின் பதவிப் பெயர். அந்த ஊழியர்கள் போய்விட்டார்கள், மூன்றாம் கூடம் போகவில்லை. 2009இல் வெளியான ‘இமேஜ்நெட்’ என்ற படத்தொகுப்பில் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து இது நாய், இது நாற்காலி என்று உறுதிசெய்தவர்கள் அமேசானின் ‘மெக்கானிக்கல் டர்க்’ வழியாகத் துண்டுக்கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். உள்ளே ஆளை ஒளித்துவைத்துத் தானாகச் சதுரங்கம் ஆடுவதாகக் காட்டிய 18ஆம் நூற்றாண்டுப் பொம்மையின் பெயரை அந்தச் சேவைக்கு வைத்திருக்கிறார்கள். ஒளித்துவைக்கவும் கூச்சமில்லை, அதைப் பெயராகச் சொல்லவும் கூச்சமில்லை. மேலே வகைக்கெழுவின் நேர்த்தியான குறிவிதி, நடுவில் அதை நிரலாக்குவோர், கீழே படத்துக்கு இத்தனை காசு என்று பெயர் வைப்போர். ப்ரோனி இன்று வந்தாலும் வழி கேட்காமல் உள்ளே நடமாடுவார்.

இதற்கு எதிர்வினையாகக் குறியையே வெறுப்பது, கணிதத்தையே அதிகாரத்தின் சொல்லாடல் என்று தள்ளிவிடுவது நம் வட்டாரத்தில் சுலபமாகக் கிடைக்கிற நிலைப்பாடு. அது மூன்றாம் கூடத்தில் இருப்பவரை அங்கேயே விட்டுவிடும். புதுச்சேரியில் சோழி வைத்தவர் மூடரல்ல. கிரகணத்தின் தொடக்கத்தை 4 நிமிடப் பிழையில் தொட்டவர். அவருக்குக் கிடைக்காதது அந்த 248 எங்கிருந்து வந்தது என்பதுதான். அது தெரிந்திருந்தால் 52 நிமிடப் பிழையைத் திருத்த அவராலேயே முயன்றிருக்க முடியும்.

மாலைநேர வகுப்பும் இரவுப் பள்ளியும் நடத்துகிற தோழர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவில்லை என்று அடித்துக்கொள்கிறோம். வரட்டும், தேவைதான். ஆனால் எட்டால் பெருக்குவது என்பது மூன்று முறை இரட்டிப்பதுதான் என்பதையும் அதே மாலையில் சொல்லிக் கொடுங்கள். தெரியாததற்கு ‘கூ’ என்று பெயர் வைக்கலாம், வைத்துவிட்டு அதோடு மல்லுக்கட்டலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். யாப்பு நடத்துகிற தமிழாசிரியர்களும் முப்பது சீரையும் ஒப்பிக்கச் சொல்வதற்கு முன் அது ஏன் முப்பது என்று ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். பத்து நிமிட வேலை.